ஆய்வுச் சுவரொட்டி தயாரிப்பில் செயற்கை நுண்ணறிவைப் பொறுப்புடன் பயன்படுத்துவது எப்படி?

ஆய்வுக் கட்டுரையை வாசிப்பவர் அதை எழுதியவரைப் பெரும்பாலும் நேரில் காண்பதில்லை. மாநாட்டில் ஓர் ஆய்வை ஒரே தாளில் விளக்கிக் காட்டும் சுவரொட்டியின் நிலை வேறு. அதைத் தயாரித்தவர் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ அதன் அருகிலேயே நிற்கிறார், வருகிறவர் ஒரு வரைபடத்தின் மேல் விரலை வைத்து, "இந்தப் புள்ளி மட்டும் ஏன் மற்றவற்றிலிருந்து விலகி நிற்கிறது?" என்று கேட்கிறார், அந்த இடத்திலேயே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சுவரொட்டிக்குச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்துவது பற்றி நான் சொல்லப்போகும் அனைத்தும் இந்த ஒரு காட்சியிலிருந்தே பிறக்கின்றன. விரல் வைத்துக் கேட்கப்படும் எந்த இடத்துக்கும், அது எங்கிருந்து வந்தது, ஏன் அவ்வாறு இருக்கிறது என்று கருவியைத் திரும்பப் பார்க்காமல் உங்களால் விளக்க முடியுமானால், அங்கே அதன் உதவியைப் பெற்றதில் தவறில்லை. விளக்க முடியாத ஓர் இடம் இருந்தால், அது எவ்வளவு அழகாக அமைந்திருந்தாலும் அச்சுக்குப் போகக் கூடாது.

சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று பொதுப் பயன்பாட்டுக்கு வந்ததற்குப் பிறகு, சுருக்கம் எழுதவும், படம் வரையவும், தரவைப் பகுக்கவும், பக்க அமைப்பைத் திட்டமிடவும் இத்தகைய கருவிகள் ஆய்வு மாணவர்களின் அன்றாடத்துக்குள் வந்துவிட்டன. இவற்றைத் தொடவே கூடாது என்று சொல்வது என் நோக்கமன்று. முதன்முறையாகச் சுவரொட்டி தயாரிப்பவருக்கும், தாய்மொழியல்லாத மொழியில் எழுத வேண்டியவருக்கும் இவை உண்மையிலேயே கைகொடுக்கின்றன. ஆனால் எந்தப் பணியில் கைகொடுக்கின்றன, எந்தப் பணியில் நம்மை அறியாமலேயே ஆய்வின் பொருளை மாற்றிவிடுகின்றன என்பதைப் பிரித்தறிந்த பிறகே தொடங்க வேண்டும்.

தொடங்கும் முன் அறிய வேண்டிய விதிகள்

முதலில் மாநாட்டின் விதிமுறைகளை வாசியுங்கள். சில மாநாடுகள் மொழித் திருத்தத்துக்கு மட்டும் கருவிகளை அனுமதிக்கின்றன. சில, எந்தப் பயன்பாட்டையும் வெளிப்படையாகக் குறிப்பிடச் சொல்கின்றன. சில, கருவி உருவாக்கிய படங்களை ஏற்பதில்லை. பல இன்னும் எதையும் சொல்வதில்லை. விதி எதுவும் இல்லாதபோது, அதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாமல், ஒருங்கிணைப்பாளர்களுக்கு இரண்டு வரியில் கடிதம் எழுதிக் கேட்பதே நல்லது. உங்கள் கல்வி நிறுவனத்தின் விதியும், ஆய்வுக்கு நிதி வழங்கியவர்களின் நிபந்தனையும், இந்த முடிவுகளைப் பின்னர் எந்த ஆய்விதழுக்கு அனுப்ப எண்ணியிருக்கிறீர்களோ அதன் கொள்கையும் தனித்தனியே பார்க்கப்பட வேண்டியவை. மாநாடு ஏற்றுக்கொண்ட ஒரு படத்தை ஆய்விதழ் ஏற்றுக்கொள்ளாமல் போகலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் பெரிய அமைப்புகளிடையே கருத்து வேறுபாடு இல்லை. நேச்சர், சயன்ஸ் ஆகிய ஆய்விதழ்கள் 2023 ஜனவரியிலும், வெளியீட்டு நெறிமுறைக் குழுவான கோப் அதே ஆண்டு பிப்ரவரியிலும், மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு மே மாதத்திலும் ஒரே நிலைப்பாட்டை அறிவித்தன: செயற்கை நுண்ணறிவுக் கருவியை ஆசிரியராகக் குறிப்பிடக் கூடாது. எழுதியதற்குப் பொறுப்பேற்கவும், தவறு சுட்டப்பட்டால் விளக்கம் தரவும், நலன் முரண்பாட்டை அறிவிக்கவும் ஒரு கருவியால் இயலாது என்பதே அதற்கான காரணம். ஆகவே சுவரொட்டியின் தலைப்புக்குக் கீழே வரும் பெயர் வரிசையில் மனிதர்கள் மட்டுமே இருக்க வேண்டும். கருவியின் பெயருக்கு உரிய இடம் வேறு, அதைப் பின்னர் பார்ப்போம்.

இணையாசிரியர்களிடமும் நெறியாளரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். சுவரொட்டியில் அவர்களுடைய பெயரும் இருக்கிறது; கருவி எழுதிய ஒரு வரி தவறாகிப் போனால் அவர்களும் பதில் சொல்ல வேண்டியவர்களாகிறார்கள். அச்சடித்த பிறகு தெரிவிப்பது கலந்தாலோசனை ஆகாது.

தரவை எங்கே இடுகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள்

பொதுவெளியில் இயங்கும் ஓர் உரையாடல் கருவியில் ஒரு கோப்பை ஏற்றுவது, அந்தக் கோப்பை வெளியார் ஒருவருக்கு அனுப்புவதற்கு ஒப்பானது. அது எங்கே சேமிக்கப்படுகிறது, எவ்வளவு காலம் இருக்கும், அடுத்த மாதிரியைப் பயிற்றுவிக்கப் பயன்படுமா என்பவை அந்தந்தச் சேவையின் நிபந்தனைகளையும், உங்கள் கணக்கின் அமைப்புகளையும் பொறுத்தவை. அமெரிக்காவின் தேசிய உடல்நல நிறுவனங்கள், நிதி விண்ணப்பங்களை மதிப்பிடுபவர்கள் அவற்றை இத்தகைய கருவிகளில் இடக் கூடாது என்று 2023இல் தடை விதித்ததற்கு இந்த இரகசியக் காப்பே காரணம். மதிப்பீட்டாளருக்குப் பொருந்தும் இந்த எச்சரிக்கை, நோயாளிகளின் தரவை வைத்திருக்கும் மாணவருக்கு இன்னும் கூடுதலாகவே பொருந்துகிறது.

பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது போதாது. கணினி அறிவியலாளர் லட்டான்யா ஸ்வீனி 2000ஆம் ஆண்டில் செய்த கணிப்பின்படி, அஞ்சல் குறியீடு, முழுப் பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்று விவரங்கள் மட்டுமே அமெரிக்க மக்களில் ஏறத்தாழ 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காட்டிவிடக் கூடியவை. அரிதான நோய், சிறிய ஊர், அனுமதிக்கப்பட்ட தேதி ஆகியவை ஒரே வரிசையில் சேர்ந்தால் பெயர் எழுதப்படாவிட்டாலும் ஆள் தெரிந்துவிடுகிறார். ஊடுகதிர்ப் படங்களின் மூலையில் பதிந்துபோன பெயரும், ஒளிப்படக் கோப்புக்குள் மறைந்திருக்கும் இடக் குறிப்பும் இதே வகையைச் சேர்ந்தவை. பங்கேற்பாளர் கையொப்பமிட்ட ஒப்புதல் படிவத்தில், அவருடைய தகவல் ஆய்வுக் குழுவைத் தாண்டிப் போகாது என்று எழுதியிருந்தால், அந்த வாக்குறுதி உங்கள் உரையாடல் பெட்டிக்கும் பொருந்தும்.

இதற்கு எளிய மாற்று வழி ஒன்று உண்டு. கருவிக்கு உங்கள் தரவு தேவையில்லை. தரவின் வடிவம் தெரிந்தாலே பெரும்பாலான வேலைகளைச் செய்துவிடும். உண்மை அட்டவணையில் இருக்கும் அதே நெடுவரிசைத் தலைப்புகளோடு, பத்துப் பன்னிரண்டு வரிசைகளில் கற்பனை எண்களை இட்ட ஒரு போலி அட்டவணையைத் தயாரித்து, அதை வைத்து நிரல் எழுதச் சொல்லுங்கள். கிடைத்த நிரலை உங்கள் கணினியில், உண்மைத் தரவின் மேல் நீங்களே இயக்குங்கள். தரவு வெளியே போகாது. கூடுதலாக, நிரல் என்ன செய்கிறது என்று வாசித்துப் பார்க்கும் கட்டாயமும் உங்களுக்கு ஏற்படுகிறது. முடித்த பிறகு அந்தப் போலி அட்டவணையை உடனே அழித்துவிடுங்கள். உண்மைத் தரவோடு ஒரே கோப்புறையில் அது கிடந்தால், களைத்திருக்கும் ஓர் இரவில் இரண்டும் மாறிப்போகும். காப்புரிமை கோர வாய்ப்புள்ள கண்டுபிடிப்பாக இருந்தால், எதையும் எங்கும் ஏற்றுவதற்கு முன் உங்கள் நிறுவனத்தில் அதற்குரிய அலுவலரிடம் பேசிவிடுங்கள்.

சுருக்கும்போது பொருள் நழுவும் இடம்

சுவரொட்டி தயாரிப்பில் மிகக் கடினமான வேலை சொற்களைக் குறைப்பது. பல மாத உழைப்பை, நின்றபடி சில நிமிடங்களில் வாசித்துவிடக் கூடிய அளவுக்குச் சுருக்க வேண்டும். எனவே பெரும்பாலோர் கருவியை முதலில் நாடுவது இதற்காகத்தான். ஆபத்தும் இங்கேதான் மிகுதி. படத்தில் வரும் பிழை கண்ணுக்குத் தெரியும். சுருக்கத்தில் வரும் பிழையோ நல்ல நடையில், தெளிவான வாக்கியமாக வந்து நிற்கும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். ஒரு மாணவருடைய ஆய்வுச் சுருக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாகக் கொள்வோம்: "ஆறு வாரங்கள் நாள்தோறும் நடந்ததாகத் தெரிவித்த 34 பங்கேற்பாளர்களிடம், உறக்கத் தர மதிப்பெண் ஓரளவு உயர்ந்திருந்தது, எனினும் ஒப்பீட்டுக் குழு இல்லாததால் இதற்கு வேறு காரணங்கள் இருக்கக்கூடும்." இதைப் பத்துச் சொற்களுக்குள் சுருக்கச் சொன்னால், "நாள்தோறும் நடப்பது உறக்கத்தின் தரத்தை மேம்படுத்துகிறது" என்பது போன்ற ஒரு வரி வருவது இயல்பு. வாசிக்க இனிமையாக இருக்கிறது; ஆனால் அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. சேர்ந்து காணப்பட்டது என்பது காரணமாகிவிட்டது. "ஓரளவு" என்ற அளவுச்சொல் மறைந்துவிட்டது. பங்கேற்பாளர்கள் தாங்களே தெரிவித்த தகவல் என்பதும், அவர்களின் எண்ணிக்கையும், ஒப்பீட்டுக் குழு இல்லை என்ற ஒப்புதலும் காணாமற்போயின. ஆய்வின் நேர்மை முழுவதும் எந்தச் சொற்களில் தங்கியிருந்ததோ அந்தச் சொற்களே, நீளத்தைக் குறைக்கும் வேலையில் தேவையற்றவையாகத் தோன்றி முதலில் வெட்டப்படுகின்றன.

ஆகவே ஒழுங்கை மாற்றிக்கொள்ளுங்கள். கருவியைத் திறப்பதற்கு முன், உங்கள் ஆய்வின் மையக் கண்டுபிடிப்பை ஒரே வாக்கியமாக, கையால், உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுங்கள். 2019இல் உளவியல் ஆய்வு மாணவரான மைக் மோரிசன் முன்வைத்த சுவரொட்டி அமைப்பு பரவியதிலிருந்து, முதன்மைக் கண்டுபிடிப்பைப் பெரிய எழுத்தில், எளிய மொழியில் நடுவில் இடுவது பல மாநாடுகளில் வழக்கமாகிவிட்டது. அறையின் மறுமுனையிலிருந்தும் வாசிக்கப்படும் அந்த வாக்கியத்தை மட்டுமாவது எவரிடமும், எதனிடமும் ஒப்படைக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன். நாலைந்து முறை எழுதி அழித்தாலும் பரவாயில்லை. அந்த உழைப்பில்தான் உங்கள் ஆய்வு உங்களுக்கே தெளிவாகிறது.

மற்றப் பகுதிகளைச் சுருக்கக் கருவியைப் பயன்படுத்தினால், முழுச் சுருக்கத்தையும் மொத்தமாகக் கொடுக்காமல், பத்தி பத்தியாகக் கொடுங்கள். மூலத்தையும் சுருக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூலத்தில் இருக்கும் எண்கள், அலகுகள், எதிர்மறைச் சொற்கள், "இருக்கலாம்", "தோன்றுகிறது", "இந்த மாதிரியில்" போன்ற தயக்கச் சொற்கள் ஆகியவற்றை வண்ணமிட்டு, அவை ஒவ்வொன்றும் சுருக்கத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். எதையெல்லாம் விட்டுவிட்டாய் என்று கருவியையே கேட்கலாம், பயன் உண்டு, ஆனால் அந்தப் பட்டியலும் முழுமையானது என்பதற்கு உறுதி இல்லை என்பதால், வண்ணமிட்டுச் சரிபார்க்கும் வேலையைக் கைவிட முடியாது.

கலைச்சொற்களில் இன்னொரு நழுவல் நேர்கிறது. ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் நடை சலிப்பூட்டும் என்று கருவி மாற்றுச் சொற்களைத் தேடுகிறது. ஒரு நேரத்தில் மொத்தம் எத்தனை பேருக்கு நோய் இருக்கிறது என்பதும், ஒரு காலப்பகுதியில் புதிதாக எத்தனை பேருக்கு வந்தது என்பதும் நோய்ப்பரவலியலில் வெவ்வேறு அளவீடுகள். பொதுநடையில் இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கின்றன. புள்ளியியலில் "குறிப்பிடத்தக்க" என்ற சொல்லுக்கு உரிய பொருள் வேறு, அன்றாட வழக்கில் வேறு. எனவே மாற்றக் கூடாத சொற்களின் பட்டியலை முதலிலேயே கொடுத்து, இவற்றைத் தொடாதே என்று கட்டளையிடுங்கள், பிறகும் சரிபாருங்கள்.

தாய்மொழியல்லாத மொழியில் எழுதுகிறவர்கள் மொழித் திருத்தத்துக்குக் கருவியைப் பயன்படுத்துவதில் கூச்சப்பட வேண்டியதில்லை. அவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. செயற்கை நுண்ணறிவு எழுதியதைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருள்கள் நம்பத்தக்கவை அல்ல. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய டோஃபல் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வுக் கட்டுரைகளில் சராசரியாக 61 விழுக்காட்டை அவை தவறாக இயந்திர எழுத்து என்று முத்திரை குத்தியதை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் காட்டினார்கள். அதே ஆண்டு ஜூலையில், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியக் குறைவின் காரணமாக விலக்கிக்கொண்டது. இத்தகைய குற்றச்சாட்டு உங்கள் மேல் வந்தால் உங்களைக் காப்பது உங்கள் வரைவுகள்தாம். முதல் வரைவிலிருந்து இறுதி வரை ஒவ்வொன்றையும் தேதியிட்டுத் தனிக் கோப்பாகச் சேமித்து வையுங்கள்.

கருவியின் விடையிலிருந்து எடுத்து ஒட்டும்போது அதன் முன்னுரை வாசகமும் சேர்ந்து வந்துவிடுவதுண்டு. 2024 மார்ச்சில், உங்கள் தலைப்புக்கு ஏற்ற ஒரு முன்னுரை இதோ என்று பொருள்படும் வரியோடு தொடங்கிய ஓர் ஆய்வுக் கட்டுரை, பல ஆசிரியர்களையும் மதிப்பீட்டாளர்களையும் கடந்து அச்சேறிப் பரவலாகப் பேசப்பட்டது. எவரும் முதல் வரியைக்கூட வாசிக்கவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. அச்சுக்கு அனுப்பும் முன் சுவரொட்டி முழுவதையும் ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள்.

சான்றாதாரங்கள்

இத்தகைய உரையாடல் கருவிகளுக்கு அடிப்படையான மொழி மாதிரி ஒரு நூலகப் பட்டியலைத் திறந்து பார்த்துச் சான்றாதாரம் தருவதில்லை; அடுத்து வரக்கூடிய சொல் எது என்று கணித்துக் கணித்து எழுதுகிறது. அதனால் உண்மையான ஆசிரியர் பெயரும், உண்மையான ஆய்விதழின் பெயரும், பொருத்தமான ஆண்டும் சேர்ந்த, ஆனால் உலகில் இல்லாத ஒரு கட்டுரையை அது எழுதிவிட முடிகிறது. 2023 ஜூனில் நியூயார்க்கில் ஒரு நீதிமன்றம், சாட்ஜிபிடி புனைந்த வழக்குகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் தண்டம் விதித்தது. அவர்களில் ஒருவர் அந்த வழக்குகள் உண்மையா என்று அதே கருவியிடம் கேட்டு, ஆம் என்ற விடையை நம்பியிருந்தார்.

சுவரொட்டியில் பொதுவாக ஐந்து முதல் பத்துச் சான்றாதாரங்களே இருக்கும் என்பதால், ஒவ்வொன்றையும் கையால் சரிபார்ப்பது ஒரு மாலைப்பொழுதில் முடியும் வேலை. அதைத் தவிர்க்க எந்தக் காரணமும் இல்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் வழங்கப்படும் நிலையான அடையாளமான டிஓஐ எண்ணை உரிய தளத்தில் இட்டு, கட்டுரை திறக்கிறதா, தலைப்பும் ஆசிரியரும் ஆண்டும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பின்பு, நீங்கள் எந்தக் கருத்துக்காக அதைச் சுட்டுகிறீர்களோ அந்தக் கருத்து கட்டுரையில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்துக் குறித்து வையுங்கள். இந்த இரண்டாவது படியைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். இணையத்தில் தேடி இணைப்போடு விடை தரும் கருவிகள் வந்த பிறகு, இல்லாத கட்டுரைகள் குறைந்தாலும், இருக்கும் கட்டுரையில் இல்லாத கருத்தை அதற்கு ஏற்றிச் சொல்லும் பிழை தொடர்கிறது. கட்டுரை பின்னர் திரும்பப் பெறப்பட்டதா என்பதையும் ஆய்விதழின் பக்கத்தில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். நீங்கள் வாசிக்காத ஒன்றைச் சுட்டாதீர்கள். அதன் ஆசிரியரே உங்கள் முன் வந்து நிற்கக்கூடிய இடம் மாநாடு.

படங்களும் வரைபடங்களும்

சுவரொட்டியில் உள்ள ஒவ்வொரு படத்தையும், இது சான்றா, விளக்கமா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். நுண்ணோக்கிப் படம், ஊடுகதிர்ப் படம், களத்தில் எடுத்த ஒளிப்படம், அளவீடுகளிலிருந்து வரைந்த வரைபடம் ஆகியவை சான்றுகள். ஒரு முறையை எளிதாகப் புரியவைக்கும் சித்திரம், அலங்காரக் குறி, பின்னணி ஆகியவை விளக்கங்கள். சான்றின்மேல் படம் உருவாக்கும் கருவி எதுவும் கைவைக்கக் கூடாது. இதில் நான் எந்த விதிவிலக்கையும் ஏற்கவில்லை. மங்கலான படத்தைக் கூர்மையாக்குவதும், சிறிய படத்தைப் பெரிதாக்குவதும், வெட்டுப்பட்ட ஓரத்தை நிரப்புவதும் அழகுபடுத்தல் போலத் தோன்றினாலும், கருவி அங்கே தான் முன்பு கண்ட படங்களை வைத்து, இல்லாத நுணுக்கங்களை இட்டு நிரப்புகிறது. ஓர் உயிரணுவின் விளிம்பு அப்படி உருவானது என்றால் அது உங்கள் மாதிரியில் இருந்த உயிரணு அன்று. படம் முழுமைக்கும் ஒரே சீராக ஒளியளவை மாற்றுவது ஏற்கத்தக்கது. அதையும் படக்குறிப்பில் சொல்லிவிடலாம்.

வரைபடத்தைப் படமாக உருவாக்கித் தரும்படி கேட்கவே வேண்டாம். கம்பங்களின் உயரம் உங்கள் எண்களுக்குப் பொருந்தும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. வரைபடத்தை வரையும் நிரலை, பைத்தான் மொழியிலோ ஆர் மொழியிலோ எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு அந்த நிரலை வரிவரியாக வாசிக்கும்போது சில இடங்களில் நின்று பாருங்கள். விடுபட்ட மதிப்புகள் உள்ள வரிசைகளை அது சொல்லாமல் நீக்கிவிட்டதா? நீக்கியிருந்தால் சுவரொட்டியில் நீங்கள் எழுதியிருக்கும் பங்கேற்பாளர் எண்ணிக்கை தவறாகிவிடும். செங்குத்து அச்சு சுழியத்தில் தொடங்குகிறதா? கம்ப வரைபடத்தில் அச்சை இடையில் தொடங்கினால் சிறிய வேறுபாடு பெரிதாகத் தெரியும். பிழைக்கோடு எதைக் குறிக்கிறது? அளவீடுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்தைக் குறிக்கிறதா, சராசரி எவ்வளவு துல்லியமானது என்று காட்டும் திட்டப் பிழையைக் குறிக்கிறதா என்பது சிறிய வேறுபாடன்று. 25 அளவீடுகள் இருந்தால் பின்னது முன்னதில் ஐந்தில் ஒரு பங்குதான், ஆகவே பின்னதை முன்னது என்று எடுத்துக்கொள்பவருக்கு உங்கள் அளவீடுகளின் சிதறல் இருப்பதைவிட ஐந்து மடங்கு குறைவாகத் தோன்றும். கடைசியாக, ஏதேனும் ஒரு குழுவின் சராசரியைக் கணிப்பானில் நீங்களே கணக்கிட்டு, வரைபடத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். நேரம் ஐந்து நிமிடம் ஆகும்.

விளக்கச் சித்திரங்களுக்கு வருவோம். 2024 பிப்ரவரியில் உயிரணு உயிரியல் சார்ந்த ஓர் ஆய்விதழில் வெளியான கட்டுரையில், மிட்ஜர்னி கருவியால் உருவாக்கப்பட்ட எலியின் உடற்கூற்றுப் படம் உண்மைக்குப் பொருந்தாத உறுப்பளவுகளோடும், எந்த மொழியிலும் இல்லாத சொற்களைப் பெயர்க்குறிகளாகக் கொண்டும் வந்திருந்தது. சில நாட்களிலேயே கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இந்த நிகழ்ச்சியில் பலர் கவனிக்காத ஒன்றை நான் முக்கியமாகக் கருதுகிறேன்: அந்தக் கட்டுரையின் ஆசிரியர்கள், கருவியைப் பயன்படுத்தியதை மறைக்கவில்லை, வெளிப்படையாகவே குறிப்பிட்டிருந்தார்கள். சொல்லிவிட்டோம் என்பதால் சரிபார்க்கும் கடமை தீர்ந்துவிடுவதில்லை. உடற்கூறு, மூலக்கூறு அமைப்பு, கருவியின் உட்பாகங்கள், நிலப்படம் போன்று ஒவ்வொரு கோட்டுக்கும் பொருள் இருக்கும் சித்திரங்களை நீங்களே வரையுங்கள், அல்லது மறுபயன்பாட்டுக்கு உரிமம் உள்ள படத்தொகுப்புகளிலிருந்து எடுங்கள். பொதுவான காட்சிச் சித்திரத்துக்கு மட்டும் உருவாக்கும் கருவியைப் பயன்படுத்தி, படத்துக்கு அடியிலேயே அதைக் குறிப்பிடுங்கள். எழுத்துக்களையும் அம்புக்குறிகளையும் கருவியிடம் விடாமல் பின்னர் உங்கள் கையால் இடுங்கள்.

அச்சுத் தரமும் ஒரு தடை. 1024 பிக்சல் அகலமுள்ள ஒரு படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அளவில் அச்சிட்டால் அதன் அகலம் ஏறத்தாழ 8.7 சென்டிமீட்டர்தான், சுவரொட்டிக்குப் பயன்படும் ஏ0 அளவுத் தாளின் அகலமோ 84.1 சென்டிமீட்டர். திரையில் நிறைவாகத் தெரிந்த படம் தாளில் அஞ்சல்தலை போல ஆகிவிடும், அல்லது இழுத்துப் பெரிதாக்கப்பட்டு மங்கிவிடும். உரிமை பற்றியும் ஒரு சொல்: முழுவதும் கருவி உருவாக்கிய படத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்பதே அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023இல் எடுத்த நிலைப்பாடு, நாட்டுக்கு நாடு சட்டம் மாறும் என்பதால், உங்கள் ஆய்வகத்தின் அடையாளமாக நீண்ட காலம் பயன்படுத்த எண்ணும் படத்தை இவ்வழியில் உருவாக்காதிருப்பது நல்லது.

கருவியைத் தயக்கமின்றிப் பயன்படுத்தக் கூடிய இடம் பக்க அமைப்பின் மதிப்பாய்வு. நெடுவரிசைகள் எந்த ஒழுங்கில் வாசிக்கப்படும், எந்தப் பகுதியில் எழுத்து நெருக்கமாக இருக்கிறது, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவருக்கு இந்த வரைபடம் புரியுமா என்று கேளுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளிமாறுபாடு இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல்தன்மை நெறிகளின் அளவு; அதைச் சுவரொட்டிக்கும் எடுத்துக்கொள்ளலாம். இங்கே கருவி தவறு செய்தாலும் அது உங்கள் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும்.

வெளிப்படையாகக் குறிப்பிடுதல்

கருவியின் பெயருக்கு உரிய இடம், சுவரொட்டியின் அடிப்பகுதியில் நன்றியுரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நன்றியுரையின் அதே எழுத்தளவில் அதை இடுங்கள். கியூஆர் குறியீட்டுக்குப் பின்னால் மட்டும் வைப்பது மறைப்பதற்குச் சமம். எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, எந்தக் காலத்தில், எந்தப் பணிக்கு, யார் சரிபார்த்தார் என்பவை தெளிவாக இருந்தால் போதும். எடுத்துக்காட்டாக: "முறையியல் பகுதியின் மொழித் திருத்தத்துக்கும், இரண்டாம் வரைபடத்துக்கான நிரலின் முதல் வரைவுக்கும் உரையாடல் வகைச் செயற்கை நுண்ணறிவுக் கருவி பயன்படுத்தப்பட்டது. பங்கேற்பாளர் தரவு எதுவும் அதில் இடப்படவில்லை. எல்லாப் பகுதிகளையும் ஆசிரியர்கள் சரிபார்த்தனர். உள்ளடக்கத்துக்கு அவர்களே பொறுப்பு." இதில் கருவியின் பெயரையும் பதிப்பையும் மாதத்தையும் உங்களுடையதற்கு ஏற்ப நிரப்பிக்கொள்ளுங்கள். "செயற்கை நுண்ணறிவு பயன்படுத்தப்பட்டது" என்ற ஒற்றை வரி எதையும் தெரிவிப்பதில்லை. வாசிப்பவர், முடிவுகளே இயந்திரம் செய்தவையோ என்று ஐயுறவும் இடம் தருகிறது.

இந்தக் குறிப்பை இறுதி நாளில் நினைவிலிருந்து எழுத முடியாது. முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பில், தேதி, கருவி, கொடுத்த கட்டளை, எடுத்துக்கொண்டது எது, தள்ளியது எது என்று சுருக்கமாகக் குறித்து வாருங்கள். நான் என்னுடைய பணிகளில் இதைச் செய்யத் தொடங்கியபோது, எதிர்பாராத பயன் ஒன்று கிடைத்தது: எத்தனை வரிகளைத் தள்ளிவிட்டேன் என்பது கண்ணெதிரே சேரச் சேர, அடுத்து வருவதையும் அதே கவனத்தோடு பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

அச்சுக்கு முன்னும் பின்னும்

கோப்பை அச்சகத்துக்கு அனுப்பும் முன், உங்கள் துறையைச் சேராத ஒருவரைச் சுவரொட்டியின் சிறிய நகலுக்கு முன்னால் நிறுத்தி, எங்கே வேண்டுமானாலும் விரல் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். கேள்விகளுக்குப் பழகக் கருவியையும் பயன்படுத்தலாம்; கடுமையான மதிப்பீட்டாளராக இருந்து இருபது கேள்விகள் கேள் என்றால் அது கேட்கும், அவற்றில் நீங்கள் நினைத்துப்பாராத சில உறுதியாக இருக்கும். ஆனால் விடைகளை அதனிடம் கேட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். எந்தக் கேள்விக்கு நாக்கு தடுமாறுகிறதோ, அந்தப் பகுதிக்கான மூலத் தரவையும் கட்டுரையையும் மறுபடி எடுத்து வாசியுங்கள். அப்படியும் விளக்க முடியாவிட்டால், அந்த வரியைச் சுவரொட்டியிலிருந்து நீக்கிவிடுங்கள். வெற்றிடம் பார்வைக்கு நல்லதே.

மாநாட்டில் ஒருவர் பிழையைச் சுட்டிக்காட்டினால், அது கருவியிலிருந்து வந்ததாக இருந்தாலும், "நான் சரிபார்த்திருக்க வேண்டும், தவறவிட்டேன்" என்று சொல்லி, அதே இடத்தில் பேனாவால் திருத்தி, அவருடைய பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். சுவரொட்டியின் மின்பதிப்பு ஏதேனும் களஞ்சியத்தில் ஏற்றப்பட்டிருந்தால், திருத்திய பதிப்பை அன்றிரவே ஏற்றி, என்ன மாற்றப்பட்டது என்று பதிப்புக் குறிப்பில் ஒரு வரி எழுதுங்கள். பழைய பதிப்பை ஏற்கெனவே இறக்கிக்கொண்டவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கு அந்த வரி தேவைப்படும்.